பஃபலோ விங்ஸ்: செய்முறை ஒருவருடையது, பெயர் இன்னொருவருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த 'பஃபலோ விங்ஸ்' பற்றிய கட்டுரையையும், அதனுடன் அச்சாகியிருந்த செய்முறையையும் இணையப் பதிப்பில் படித்தேன். பொரித்த கோழி இறக்கையைக் காரச் சாஸில் புரட்டித் தரும் அந்தப் பண்டம் பிறந்த, அமெரிக்காவின் பஃபலோ நகரில் பல ஆண்டுகளாகக் குடியிருப்பவன் என்ற முறையிலும், மாணவப் பருவத்தில் இங்குள்ள ஒரு மதுக்கூடத்தின் சமையற்கட்டில் எண்ணெய்ச் சட்டியருகே நின்று வேலை பார்த்தவன் என்ற முறையிலும் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். 1964ஆம் ஆண்டு ஆங்கர் பார் என்ற உணவகத்தில் தெரெசா பெல்லிசிமோ இதைக் கண்டுபிடித்தார் என்று கட்டுரை ஒரே வரியில் வரலாற்றை முடித்துவிடுகிறது. அதன் கீழே தரப்பட்டுள்ள செய்முறையோ, கோழி இறக்கையை மைதா, சோள மாவு கலவையில் புரட்டிப் பொரித்து, தக்காளி சாஸும் மிளகாயும் சர்க்கரையும் சேர்ந்த கலவையில் தோய்க்கச் சொல்கிறது. தெரெசாவின் முறையில் மாவுக்கு இடமே இல்லை. மாவு பூசிய இறக்கையைத் தக்காளி சார்ந்த சாஸில் தோய்த்து விற்றவர் அதே ஊரில் அதே காலத்தில் கடை நடத்திய ஜான் யங் என்ற கறுப்பினத்தவர். அவருடைய பெயர் தங்கள் கட்டுரையில் எங்குமே இல்லை. அவர் வழியில் சமைக்கச் சொல்லிவிட்டு, பெருமையை மற்றவருக்குக் கொடுத்திருக்கிறீர்கள்.

ஆங்கர் பார் தரப்புக் கதையும் ஒன்றல்ல. ஃபிராங்க், தெரெசா தம்பதியர் 1935இல் தொடங்கிய அந்த உணவகம் நகரின் மெயின் ஸ்ட்ரீட்டில் இன்றும் நடக்கிறது. ஸ்பெகட்டி சாஸுக்காகக் கோழியின் முதுகும் கழுத்தும் கேட்டிருந்த இடத்தில் இறக்கைகள் வந்து இறங்கிவிட்டன என்றும், அவற்றை அந்தச் சாஸில் போட்டு வீணாக்க மனமில்லாமல் மனைவியிடம் வேறு ஏதாவது செய்யச் சொன்னதாகவும் ஃபிராங்க் கூறினார். மகன் டொமினிக் சொன்னது வேறு. அன்று வெள்ளிக்கிழமை இரவு. கூடத்தில் இருந்தவர்களில் பலர் கத்தோலிக்கர்கள். அக்காலத்தில் அவர்கள் ஆண்டு முழுவதும் வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியைத் தொடமாட்டார்கள். (அமெரிக்க ஆயர்கள் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது 1966இல்தான்.) நன்றாகச் செலவழித்துக் குடித்துக்கொண்டிருந்த வாடிக்கையாளர்களுக்கு, மணி பன்னிரண்டைத் தாண்டிச் சனிக்கிழமை பிறந்ததும் தின்பதற்கு இறைச்சியில் ஏதேனும் தரவேண்டும் என்று அவர் தாயாரைக் கேட்டாராம். புரட்டாசி முடிந்த மறுநாள் நம் ஊர்க் கறிக்கடைகளில் நிற்கும் வரிசையைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதையில் உள்ள நியாயம் எளிதில் விளங்கும். எனக்கும் இதுவே நம்பத்தக்கதாகப் படுகிறது. ஆனாலும் ஒரே வீட்டில் தந்தை ஒன்றும் மகன் ஒன்றுமாகச் சொல்லும்போது, வெளியார் ஒன்றை மட்டும் எடுத்து உறுதியாக அச்சிடுவது சரியாகாது.

ஜான் யங்கின் கதை மெயின் ஸ்ட்ரீட்டுக்குக் கிழக்கே, ஜெஃபர்சன் அவென்யூவில் நடக்கிறது. அந்தத் தெரு நகரின் கறுப்பின மக்கள் வாழும் பகுதியின் கடைவீதி. மெயின் ஸ்ட்ரீட் இன்றைக்கும் இந்த ஊரின் வெள்ளையர் பகுதிக்கும் கறுப்பினத்தார் பகுதிக்கும் இடையே கிழித்த கோடாகவே இருக்கிறது என்பதை இங்கு வந்து சில நாள் தங்கினாலே எவரும் உணர்வார்கள். அலபாமா மாநிலத்தில் பிறந்து சிறுவயதிலேயே பஃபலோவுக்கு வந்தவர் யங். வாஷிங்டனில் ஓர் உணவகம் கோழி இறக்கையை வைத்தே நன்றாகச் சம்பாதிக்கிறது என்று ஊர் ஊராகச் சென்று மோதிய ஒரு குத்துச்சண்டை வீரர் சொல்லக் கேட்டு, 1960களின் நடுப்பகுதியில் 'விங்ஸ் அண்ட் திங்ஸ்' என்ற பெயரில் இறக்கைக்கென்றே ஒரு கடையை நடத்தினார். அவர் இறக்கையை மூட்டில் வெட்டுவதில்லை. நுனியோடு முழுதாக மாவில் புரட்டிப் பொரித்து, இனிப்பும் புளிப்பும் காரமும் கலந்த, தக்காளி சார்ந்த 'மம்போ சாஸ்' ஊற்றித் தருவார். 1970இல் அவர் பஃபலோவை விட்டு வெளியேறினார். இறக்கைக்கு ஊரளவில் மவுசு கூடி, 1977ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் தேதியை 'கோழி இறக்கை நாள்' என்று மேயர் அறிவித்தபோது ஆங்கர் பார்தான் எல்லோர் கண்ணிலும் நின்றது. 1980இல் எழுத்தாளர் கால்வின் டிரில்லின் நியூயார்க்கர் இதழில் எழுதிய கட்டுரையில்தான் பெல்லிசிமோ குடும்பத்தாரின் இரண்டு கதைகளோடு யங் தரப்பும் பரவலான வாசகர்களை எட்டியது. பஃபலோவுக்கு இறக்கையைக் கொடுத்தவன் நானே என்பதுதான் அதில் அவருடைய வாதம்.

தெரெசா யாரிடமிருந்தோ எடுத்துக்கொண்டார் என்று நான் சொல்ல வரவில்லை; அதற்குச் சான்று இல்லை. இறக்கையை மூட்டில் வெட்டுவது, மாவில்லாமல் பொரிப்பது, காடிச் சுவையுள்ள மிளகாய் சாஸையும் வெண்ணெயையும் சேர்ப்பது ஆகியவை ஆங்கர் பாருக்கு உரியவை. மதுவோடு கொறிக்கும் துணைப் பண்டமாக அன்றி, இறக்கையையே கடையின் பெயராகவும் பிரதானச் சரக்காகவும் வைத்து வியாபாரம் செய்யலாம் என்று இந்த ஊருக்குக் காட்டியவர் யங். அமெரிக்கா முழுவதும் இன்று பரவியிருக்கும் இறக்கைக் கடைகளில் இவ்விருவரில் ஒருவருடைய சட்டியும் மற்றவருடைய கல்லாப் பெட்டியும் இருக்கின்றன. அப்படியிருக்க, ஒருவரை மட்டும் வரலாற்றில் ஏற்றுவது ஏன்?

இனிச் செய்முறைக்கு வருகிறேன். பஃபலோ விங்ஸின் உயிர் தோலில் இருக்கிறது. கோழியின் மற்றப் பாகங்களைவிட இறக்கையில் இறைச்சிக்குத் தோலின் விகிதம் மிக அதிகம். அந்தத் தோலின் அடியில் கொழுப்பும் உள்ளே கொலாஜன் என்னும் பசைப் புரதமும் நிறைய உண்டு. கொழுப்பு உருகி வெளியேறி, ஈரம் வற்றி, தோல் தானே மொறுமொறுப்பாக மாறுவதற்கு நேரம் கொடுப்பதே இந்தச் சமையலின் முழு வேலையும். மாவு பூசினால் முதலில் மாவுதான் சிவக்கும். உள்ளே தோல் கொழகொழவென்று இருக்கும்போதே வெளிப்பார்வைக்கு வெந்துவிட்டதாகத் தோன்றும். அந்தப் பூச்சு சாஸை உறிஞ்சிக்கொண்டு சில நிமிடங்களிலேயே ஊறியும் போகும்.

ஒரு கிலோ இறக்கையை வாங்கி, ஒவ்வொன்றையும் இரண்டு மூட்டுகளிலும் வெட்டினால் மூன்று துண்டுகள் கிடைக்கும். தோளோடு சேர்ந்த தடித்த துண்டும், இரண்டு மெல்லிய எலும்புகள் இணையாக ஓடும் தட்டையான நடுத்துண்டும் பொரிப்பதற்கு. நுனியைத் தூக்கி எறியாமல் கோழி ரசத்துக்கோ சூப்புக்கோ வைத்துக்கொள்ளலாம். துண்டுகளைத் துணியால் ஒற்றி நன்றாக ஈரம் நீக்கி, உப்புத் தடவி, முடிந்தால் மூடாமல் ஒரு தட்டில் பரப்பி இரவு முழுவதும் ஃப்ரிட்ஜில் வைத்தால் தோல் காகிதம்போல உலர்ந்துவிடும். மஞ்சள்தூள், இஞ்சி பூண்டு விழுது, தயிர் எதுவும் வேண்டாம். நம் கை பழக்கத்தில் அந்த டப்பாக்களை நோக்கிப் போகும், அதை அடக்கியாக வேண்டும். எண்ணெய் 190 டிகிரி செல்சியஸ் சூட்டுக்கு வந்ததும் சட்டி நிரம்பிவிடாதபடி சிறிது சிறிதாகப் போட்டு, பத்து முதல் பன்னிரண்டு நிமிடம் வரை பொரிக்க வேண்டும். போட்டவுடன் பெரிய குமிழிகளோடு நுரை பொங்கும். ஈரம் வற்ற வற்றக் குமிழிகள் சிறுத்து, சட்டியின் இரைச்சல் அடங்கும். ஜல்லிக் கரண்டியில் அள்ளிக் குலுக்கும்போது துண்டுகள் ஒன்றோடொன்று மோதிக் கடகடவென்று ஒலித்தால் எடுத்துவிடலாம். சத்தமின்றிச் சொத்தென்று சரிந்தால் இன்னும் சில நிமிடம் கிடக்கட்டும். கோழி இறைச்சி உண்பதற்குப் பாதுகாப்பான உள்சூடு 74 டிகிரி என்றாலும், இறக்கை 85, 90 டிகிரி வரை போனால்தான் கொலாஜன் கரைந்து இறைச்சி எலும்பை விட்டு எளிதாகக் கழன்று வரும். நெஞ்சுக்கறியைப் போல வறண்டு போய்விடுமே என்ற அச்சம் இதற்குத் தேவையில்லை. பொரிக்க விரும்பாதவர்கள் ஒரு கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி பேக்கிங் பவுடரை உப்போடு கலந்து தூவி, கம்பித் தட்டில் வைத்து ஓவனில் சுடலாம். அதன் காரத்தன்மை (மிளகாயின் காரமல்ல, அமிலத்துக்கு எதிரான தன்மை) தோல் நன்றாகச் சிவக்க உதவுகிறது. பேக்கிங் பவுடருக்குப் பதிலாக அதே அளவு சமையல் சோடாவைப் போட்டுவிட்டால் சோப்பு வாடை அடித்து வாயில் வைக்க முடியாது.

சாஸ் விஷயத்தில் தங்கள் கட்டுரையாளர் பயன்படுத்தியிருக்கும் 'நாக்கைச் சுடும் காரம்' என்ற சொற்றொடரை ஏற்க இயலவில்லை. இங்கு மதுக்கூடங்களில் வழக்கமாகப் பயன்படும் ஃபிராங்க்ஸ் ரெட்ஹாட் சாஸ் என்பது காயென் மிளகாய், வினிகர், உப்பு, பூண்டுத்தூள் ஆகியவை சேர்ந்தது. காரத்தைவிடப் புளிப்பு முந்திக்கொண்டு வரும். அதனோடு உருக்கிய வெண்ணெய் சேர்கிறது. பல மதுக்கூடங்களில் வெண்ணெய்கூட அல்ல, தாவர எண்ணெயில் செய்யும் மார்ஜரின்தான். மைல்ட், மீடியம், ஹாட் என்று பலகையில் எழுதியிருக்கும் வேறுபாடு பெரும்பாலும் மிளகாயால் வருவதல்ல. வெண்ணெயைக் கூட்டியும் குறைத்தும்தான் அந்தப் படிநிலைகள் அமைகின்றன. ஒரு கிலோ இறக்கைக்கு அரை கப் சாஸும் அறுபது கிராம் வெண்ணெயும் எடுத்துக்கொண்டால் நடுத்தரக் காரமாக இருக்கும். வெண்ணெயைச் சிறு தீயில் உருக்கி, சாஸை ஊற்றி அடித்துக் கலந்து இறக்கிவிட வேண்டும். கொதிக்கவிட்டால் வெண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும். பொரித்த இறக்கையை அடுப்பிலுள்ள சாஸில் போட்டுக் கிளறுவதும் கூடாது. அகலமான பாத்திரத்தில் இறக்கையைக் கொட்டி, மேலே சாஸை ஊற்றி, பாத்திரத்தையே தூக்கி இரண்டு மூன்று முறை குலுக்கி எறிந்து பிடித்தால் எல்லாத் துண்டுகளிலும் மெல்லிய பளபளப்பாகச் சாஸ் ஏறிவிடும். சென்னை, கோவை போன்ற பெருநகரங்களின் பெரிய கடைகளில் காயென் சாஸ் புட்டிகள் கிடைக்கக்கூடும். கிடைக்காத ஊர்களில், விதை நீக்கிய காஷ்மீரி மிளகாயையும் கொஞ்சம் குண்டு மிளகாயையும் பூண்டுப் பல்லோடு வெந்நீரில் ஊறவைத்து, வினிகரும் உப்பும் சேர்த்து அரைத்து வடிகட்டிக்கொள்ளலாம். மிளகாயை நாள்பட ஊறவைத்துச் செய்த சாஸின் பக்குவம் அதில் வராது. ஆனால் தக்காளி சாஸும் சர்க்கரையும் கலந்த கலவையைவிடப் பல மடங்கு கிட்டத்தில் நிற்கும்.

தமிழ்நாட்டில் இதைச் செய்வோருக்கு உள்ள உண்மையான சிக்கல் சாஸில் இல்லை, கறிக்கடையில் இருக்கிறது. விடுமுறையில் வரும்போதெல்லாம் கவனிக்கிறேன்: தோலோடு ஒரு விலை, தோல் உரித்தது ஒரு விலை என்று பலகையில் எழுதியிருந்தாலும், கேட்டு வாங்குவோரில் பலர் தோல் உரித்ததையே கேட்கிறார்கள், கடைக்காரரும் நாம் வாய் திறப்பதற்குள் தோலை இழுத்துக் களைந்துவிடுகிறார். தோல் போன இறக்கையைப் பொரித்தால் நார் நாராக வறண்டுவிடும் என்பதால்தான் நம் சமையற்காரர்கள் அதற்கு மாவினால் இன்னொரு தோல் போர்த்துகிறார்கள். சிக்கன் 65, சிக்கன் லாலிபாப் ஆகியவற்றின் மேற்பூச்சுக்கு இதுவே காரணம் என்று நான் கருதுகிறேன். லாலிபாப் என்பதும் கோழி இறக்கையின் தடித்த துண்டுதான். இறைச்சியை எலும்பின் ஒரு முனைக்குத் தள்ளி, உருட்டி, சோள மாவும் மசாலாவும் பூசிப் பொரிப்பது. இந்தியாவின் சீன உணவகச் சமையற்கட்டுகளில் உருவான அருமையான பண்டம் அது; சென்னையில் அது கிடைக்காத துரித உணவுக் கடையைக் காண்பதரிது. அதைச் சாப்பிட ஆசைப்படுவோர் லாலிபாப் என்றே கேட்டுச் சாப்பிடட்டும். பஃபலோ விங்ஸ் செய்ய விரும்புவோர் மட்டும் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி, தோலோடு, மயிர்க்கால்கள் சுத்தம் செய்த இறக்கையாக வாங்க வேண்டும். இந்த ஒரு வரி தங்கள் செய்முறையில் இல்லாதது பெருங்குறை.

உடன் பரிமாறுவது பற்றியும் ஒரு சொல். செலரித் தண்டும் தொட்டுக்கொள்ள நீலப் பாலாடைக்கட்டியில் செய்த கெட்டியான டிரெஸ்ஸிங்கும் வைப்பதுதான் இங்கு வழக்கம். அன்றிரவு உணவகத்தில் கைக்கு எட்டியது அவைதாம் என்பது ஆங்கர் பார் தரப்பு விளக்கம். நாட்டின் மற்றப் பகுதிகளில் தரும், மோரும் மூலிகைகளும் சேர்ந்த ரான்ச் டிரெஸ்ஸிங்கை இந்த ஊரில் கேட்டால் பரிமாறுபவர் முகம் மாறுவதைப் பார்க்கலாம். தங்கள் செய்முறையில் உள்ளபடி மயோனைஸ் வைத்தால் என்ன ஆகும் என்று தங்கள் கட்டுரையாளர் நேரில் வந்து சோதித்துப் பார்க்கட்டும்.

உணவுப் பண்பாட்டில் இதற்குள்ள இடத்தைப் பற்றிக் கட்டுரை 'அமெரிக்க இளைஞர்களின் நொறுக்குத் தீனி' என்று கூறிக் கடந்து செல்கிறது. பஃபலோவில் இது இளைஞர் உணவு அன்று. வெள்ளிக்கிழமை மாலை பீட்சாக் கடைக்குத் தொலைபேசியில் ஒரு பீட்சாவும் ஒரு வாளி இறக்கையும் சொல்லிவிட்டு, தாத்தா முதல் பேரன் வரை மேசையைச் சுற்றி உட்கார்ந்து, நடுவில் எலும்பு போட ஒரு கிண்ணம் வைத்துக்கொண்டு, முள்கரண்டியைத் தொடாமல் இரண்டு கையாலும் தின்னும் குடும்ப உணவு. 2002 முதல் ஆண்டுதோறும் இறக்கைக்கென்றே இங்கு ஒரு திருவிழா நடக்கிறது. நாடு முழுவதும் இது பரவியதற்கு வேறு காரணங்கள் உண்டு. 1980களில் எலும்பும் தோலும் நீக்கிய நெஞ்சுக்கறிக்கு அமெரிக்க வீடுகளில் தேவை பெருகியது. அதனால் மிஞ்சிய இறக்கைகள் மலிவாகக் குவிந்தன. உப்பும் காரமும் சேர்ந்த மலிவான பண்டம் பீர் விற்பனையைக் கூட்டும் என்று மதுக்கூடக்காரர்கள் கண்டுகொண்டார்கள். அங்கே பெரிய தொலைக்காட்சிகளும் விளையாட்டு ஒளிபரப்பும் வந்து சேர்ந்தன. 1982இல் ஒஹாயோ மாநிலத்தில் பஃபலோ வைல்ட் விங்ஸ் என்ற இறக்கை உணவக நிறுவனம் தொடங்கியது. 1990களின் நடுவில் டொமினோஸ், பீட்சா ஹட் போன்ற பீட்சா நிறுவனங்களும் இறக்கை விற்கத் தொடங்கின. இந்த ஊரின் அமெரிக்கக் கால்பந்து அணியான பில்ஸ் 1991 முதல் 1994 வரை தொடர்ந்து நான்கு முறை சூப்பர் பௌல் இறுதி ஆட்டத்துக்குச் சென்று நான்கிலும் தோற்றது. அணி தோற்றாலும் இறக்கை ஜெயித்தது என்று ஊர்க்காரர்கள் இன்றும் சொல்லி ஆறுதல் தேடிக்கொள்வார்கள். இப்போது சூப்பர் பௌல் நாளையொட்டி அமெரிக்கர்கள் உண்ணும் இறக்கைகள் 140 கோடிக்கும் மேல் என்று கோழி உற்பத்தியாளர்களின் தேசிய அமைப்பு ஆண்டுதோறும் மதிப்பிட்டு அறிவிக்கிறது. ஒரு கோழிக்கு இரண்டே இறக்கைகள்தாம் என்பதால், ஒரு காலத்தில் சூப்புச் சட்டிக்குப் போன இந்தப் பாகம் மொத்த விற்பனையில் நெஞ்சுக்கறியின் விலையையே மிஞ்சிய ஆண்டுகளும் உண்டு.

விலை ஏறிய பிறகு வந்ததுதான் 'எலும்பில்லா விங்ஸ்' என்ற பெயரில் விற்கப்படுவது. தங்கள் கட்டுரை அதனையும் இறக்கையின் ஒரு வகை என்று குறிப்பிட்டிருக்கிறது. அது நெஞ்சுக்கறியைத் துண்டாக்கி மாவில் தோய்த்துப் பொரித்தது. இறக்கைக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. அத்தகைய துண்டில் இருந்த எலும்பு தொண்டையில் சிக்கிக் கடும் பாதிப்புக்கு உள்ளான ஒருவர் தொடர்ந்த வழக்கில், எலும்பில்லா விங்ஸ் என்பது சமைக்கும் முறையைக் குறிப்பதே தவிர எலும்பே இராது என்ற உத்தரவாதம் அன்று என ஒஹாயோ உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. இறக்கையும் இல்லை, எலும்பில்லை என்ற உறுதியும் இல்லை. காசு மட்டும் குறையாமல் வாங்கிக்கொள்கிறார்கள்.

ஆகவே, அடுத்து வரும் ஞாயிறு இணைப்பில் ஜான் யங்கின் பெயரைச் சேர்த்து ஒரு திருத்தம் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தாங்கள் ஏற்கெனவே அச்சிட்ட செய்முறையை நீக்க வேண்டியதில்லை. இறக்கையை முழுதாக விடச் சொல்லி, அதன் தலைப்பில் அவர் பெயரைப் போட்டால் போதும். தெரெசாவின் முறையில் செய்ய விரும்பும் வாசகர்களுக்காக, மேலே நான் எழுதியுள்ள அளவுகளைத் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
பஃபலோ, நியூயார்க் மாநிலம்